முடியாத இறந்தகாலம்: பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் புதுச்சேரியிலும், இன்னும் பிற ஊர்களிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு போதிக்கும் ஆசிரியப் பெருமக்களே,

தங்களுள் பலரை நான் நேரில் அறியேன். ஆயினும் தங்கள் வகுப்புகளில் பயின்ற மாணவர்களின் கட்டுரை ஏடுகள் அவ்வப்போது என் கைக்கு வந்து சேர்வதுண்டு. அவற்றை வாசிக்குந்தோறும் ஒரே விதமான தடுமாற்றம் கண்ணிற் படுவதால், அது மாணவரின் அசிரத்தையால் விளைந்ததன்று, நாம் கற்பிக்கும் முறையிலேயே அதற்கு வித்து இருக்கிறது என்ற அபிப்பிராயம் என்னுள் வலுப்பெற்று, அதைத் தனிப்பட ஒருவருக்கு எழுதுவதினும் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதே முறை என்று இம்மடலைத் தொடங்குகிறேன். பிரெஞ்சில் ‘அம்பார்ஃபே’ என வழங்கும் இறந்தகால வடிவத்தைப் பிழையின்றி அமைக்கத் தெரிந்த மாணவர், அதை எங்கே பிரயோகிப்பது என்று அறியாமல் திகைக்கிறார். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் திகைப்பு வேண்டியதே இல்லை. அதன் தாய்மொழியிலேயே நேர்வழி இருக்கிறது. நாம்தான் அந்த வழியை அடைத்துவிட்டு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி அழைத்துப்போகிறோம் என்பது என் வழக்கு.

அமைப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நிகழ்காலத்தில் தன்மைப் பன்மைக்குரிய வடிவத்தை எடுத்து, அதன் ஈற்றிலுள்ள ‘ஓன்’ என்பதைக் களைந்து, எஞ்சிய பகுதியோடு ஆறு விகுதிகளைச் சேர்த்தால் அம்பார்ஃபே ஆயிற்று. ‘நூ பார்லோன்’ (பேசுகிறோம்) என்பதிலிருந்து ‘ழெ பார்லே, த்யூ பார்லே, இல் பார்லே, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லே’ என்ற வரிசை பிறக்கிறது. ‘நூ ஃபினிஸோன்’ என்பதிலிருந்து ‘ஃபினிஸே’யும், ‘நூ ப்யூவோன்’ என்பதிலிருந்து ‘ப்யூவே’யும், ‘நூ ப்ரெனோன்’ என்பதிலிருந்து ‘ப்ரெனே’யும் அவ்வாறே வருகின்றன. பிற காலங்களில் மாணவரைப் படாத பாடு படுத்தும் அடங்காத வினைகளெல்லாம் இங்கே சாதுவாக நடந்துகொள்வதைக் கண்டால், பிரெஞ்சு வியாகரணத்துக்கும் கருணை உண்டு என்று நம்பத் தோன்றும். ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய ‘எத்ர்’ ஒன்றே இவ்விதிக்கு அடங்காதது. அதன் தன்மைப் பன்மை ‘நூ சோம்’ ஆதலின் களைவதற்கு அங்கே ‘ஓன்’ இல்லை. அது ‘எத்’ என்ற தனிப் பகுதியைக் கொண்டு ‘எதே’ என்றாகும். மழை பெய்தலைக் குறிக்கும் வினையைப்போலத் தன்மையே இல்லாத ஓரிரு வினைகளுக்குப் படர்க்கை வடிவத்தை மட்டும் கற்பித்தால் போதும்.

எழுத்திலக்கணத்தில் இரண்டொரு நுணுக்கங்கள் உண்டு. உண்ணுதலைக் குறிக்கும் ‘மான்ழே’ என்ற வினையில், ‘ழ’ ஒலியைக் காப்பதற்காக அகரத்துக்கும் ஓகாரத்துக்கும் முன் ஒரு ஊமை எகரம் எழுதப்படுகிறது. தொடங்குதலைக் குறிக்கும் ‘கொமான்ஸே’ என்ற வினையில் அதே காரியத்தை ‘செதீய்’ என்ற வால் செய்கிறது. விகுதி இகரத்தில் தொடங்கும் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் இவ்விரண்டும் தேவையற்றுப் போய்விடும். இதைக் காட்டிலும் அதிக மதிப்பெண்களை விழுங்குவது, படித்தலைக் குறிக்கும் ‘எத்யூதியே’ போன்ற வினைகள்: பகுதியின் ஈற்றிலும் இகரம், விகுதியின் முதலிலும் இகரம் என்று இரண்டு இகரங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் கண்ட நல்ல மாணவன், ஏதோ கைப்பிழை என்று எண்ணி ஒன்றை அடித்துவிடுகிறான். அவனுடைய நற்புத்தியே அவனைக் கெடுக்கும் இடம் அது.

எழுத்தினும் ஓசையே பெரிய விஷயம். மேற்சொன்ன ஆறு வடிவங்களுள் நான்கு, எழுத்தில் மூன்று விதமாக இருந்தும், காதுக்கு ஒன்றேயாகும். அன்றாடப் பேச்சில் ‘நூ’ என்பதற்குப் பதிலாக ‘ஓன்’ என்ற பொதுப்பெயரைப் படர்க்கை ஒருமை வினையோடு வழங்குவது பிரெஞ்சுக்காரரின் சகஜமான பழக்கம் ஆதலால், நடைமுறையில் ஆறில் ஐந்து ஓரோசையில் அடங்கிவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கு இதிலே ஒரு விசேஷமான இடர் உண்டு. ‘நான் பேசினேன்’ என முடிந்த செயலைச் சொல்லும் பாஸே கொம்போஸே ‘ழே பார்லே’. அம்பார்ஃபே ‘ழெ பார்லே’. பின்னதன் ஈற்று உயிர் வாயைச் சற்று அகலத் திறந்து சொல்லவேண்டியது. முன்னதன் ஈற்று உயிர் ஒடுங்கியது. தமிழில் ஏகாரம் ஒன்றே ஆதலின், அந்த வேறுபாடு நம் லிபியிலும் நிற்பதில்லை, செவியிலும் நிற்பதில்லை. முதலில் வரும் பெயரின் குறிலும் நெடிலும் மட்டுமே பிள்ளைக்குத் துணை. பிரான்ஸின் தென்பகுதி மக்களும் இவ்விரு ஈற்றையும் ஒன்றாகவே உச்சரிக்கிறார்கள் என்று சொல்லி ஆறுதல் அளிக்கலாம். ஆனால் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்தாமல் விடுவதற்கு அதைச் சாக்காக்கிக்கொள்ளலாகாது.

போகிற போக்கில் ஒன்று. இவ்விகுதிகள் இப்போதுள்ள எழுத்துருவைப் பெற்றது அண்மைக் காலத்தில்தான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஏடுகளில் அகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஓகாரம் நிற்கும். உச்சரிப்பு மாறிய பின்னும் எழுத்து மாறவில்லையே என்று வோல்த்தேர் வாதாடியும், பிரெஞ்சு அக்காதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பை வெளியிட்ட 1835-ஆம் ஆண்டில்தான் புதிய எழுத்துமுறைக்கு இசைந்தது. ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுவைப் பத்திரங்களைப் பார்க்க நேரும் மாணவர் அங்குள்ள வினைகளைக் கண்டு மருளாதிருக்க, இந்தச் சிறு சரித்திரத்தை அவருக்குச் சொல்லிவைப்பது நலம்.

இனிப் பிரயோகத்துக்கு வருகிறேன். ‘தினந்தோறும்’, ‘அடிக்கடி’, ‘எப்போதும்’ என்ற சொற்கள் வந்தால் அம்பார்ஃபே. ‘நேற்று’, ‘திடீரென்று’, ‘ஒருநாள்’ என்ற சொற்கள் வந்தால் பாஸே கொம்போஸே என்று ஒரு ஜாபிதாவைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதும், நீண்ட செயலுக்கு முன்னது, குறுகிய செயலுக்குப் பின்னது என்று வாய்மொழியாக ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பதும் நம் வகுப்புகளில் வேரூன்றிவிட்ட வழக்கங்கள். பரீட்சைக்கு முதல்நாள் இவை உதவுகின்றன என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை எழுபத்திரண்டு ஆண்டுகள் அரசுகட்டிலில் இருந்தான். ‘எழுபத்திரண்டு ஆண்டுகள் அரசாண்டான்’ என்பதைப் பிரெஞ்சுக்காரர் அம்பார்ஃபேயில் சொல்வதில்லை, பாஸே கொம்போஸேயில்தான் சொல்கிறார். ‘அவன் கதவைத் திறந்தபோது மணி எட்டு’ என்பதில் எட்டு மணி என்பது ஒரு கணம். அதை அம்பார்ஃபேயில் சொல்கிறார். நீளத்தை அளவுகோலாகக் கொண்ட சூத்திரம் இவ்விரண்டு வாக்கியங்களின் முன்னும் நிற்காது.

அளவுகோல் வேறு. செயலின் தொடக்கமும் முடிவும் சொல்பவனின் பார்வைக்குள் அகப்படுகின்றனவா என்பதே கேள்வி. தேரோட்டத்தன்று மாடவீதியின் நடுவே நிற்பவனுக்கு அசைந்துவரும் தேர் மட்டும் தெரிகிறது; அது புறப்பட்ட இடத்தையும் அவன் காண்பதில்லை, நிலைக்கு வரும் வேளையையும் காண்பதில்லை; அவன் பேசுவது அம்பார்ஃபேயில். மாலையில் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்பவன் மற்றதில் பேசுகிறான். ஓட்டம் ஒன்றுதான், நின்ற இடம் வேறு. ‘அம்பார்ஃபே’ என்ற பெயரே ‘முற்றுப்பெறாதது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது; மாணவர் அதைக் ‘குறையுள்ளது’ என்று விளங்கிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நம் சரித்திரத்திலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். பாரதியார் 1908-ஆம் ஆண்டு புதுவைக்கு வந்து 1918-ஆம் ஆண்டு அதைவிட்டு நீங்கினார். ‘பாரதி பத்து ஆண்டுகள் புதுவையில் வாழ்ந்தார்’ என்னும்போது வரவும் போக்கும் ஒருங்கே தெரிகின்றன. ஆகவே ‘பாரதி ஆ வேக்யூ தீஸான் ஆ போந்திஷேரி’. ஸ்ரீ அரவிந்தர் 1910-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே வந்திறங்கியபோது ‘பாரதி புதுவையில் வசித்துவந்தார்’ என்னும்போது, அவர் வந்ததும் தெரியவில்லை, போகப்போவதும் தெரியவில்லை. ஆகவே ‘பாரதி விவே ஆ போந்திஷேரி’. ஆள் ஒருவர், ஊர் ஒன்று, வாசம் ஒன்று. வாக்கியம் மட்டும் இரண்டு. இந்த ஒரு ஜோடியை விளங்கிக்கொண்ட மாணவருக்குக் கரும்பலகை ஜாபிதா வேண்டியிராது.

இங்கேதான் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. நம் வகுப்புகளில் பிரெஞ்சு ஆங்கிலத்தின் வாயிலாகவே விளக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘வாழ்ந்தார்’ என்ற சாதாரண இறந்தகாலம் மேற்சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கும் பொருந்திவிடும் ஆதலால், அதன் வழியே நினைக்கும் பிள்ளைக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. தமிழிலோ ‘வாழ்ந்தார்’ என்பது ஒருபுறமும் ‘வசித்துவந்தார்’ என்பது மறுபுறமும் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. இன்னும் மேலே போகலாம். ‘அந்தக் காலத்தில் தாத்தா விடியற்காலையில் எழுந்து ஆற்றுக்குப் போவார், திரும்பும்போது கீரை வாங்கி வருவார்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லும். போவார், வருவார் என்பவை வடிவத்தால் எதிர்காலம். தாத்தாவோ காலமாகி வெகுநாளாயிற்று. கடந்துபோன வழக்கத்தை எதிர்கால வினையால் சொல்வது நமக்கு இயல்பு; தொல்காப்பியத்துக்கு உரை கண்டோரும் பண்டு நடந்ததை இவ்வாறு சொல்லும் மரபைக் கால மயக்கம் என்று கண்டு அதற்கு இடங்கொடுத்தனர். அப்படி வரும் ஒவ்வொரு ‘போவா’ருக்கும் ‘வருவா’ருக்கும் பிரெஞ்சில் அம்பார்ஃபே வரும். இதைப்போல நம்பத்தகுந்த வழிகாட்டி வேறெந்தப் பாடநூலிலும் எனக்குத் தென்படவில்லை.

இதனினும் அதிசயமானது ‘தெரியும்’ என்ற சொல். ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்பதும் ‘எனக்கு அப்போதுதான் தெரிந்தது’ என்பதும் ஒன்றல்ல என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். முன்னது ‘ழெ லெ ஸவே’ என்ற அம்பார்ஃபே; பின்னது ‘ழெ லே ஸ்யூ’ என்ற பாஸே கொம்போஸே. அறிதலைக் குறிக்கும் இந்த வினை காலம் மாறும்போது பொருளும் மாறுகிறது என்று பாடநூல்கள் ஏதோ விசித்திரத்தைப்போல் தனிக்கட்டத்தில் அச்சிடுகின்றன. ஆங்கிலேயருக்கு அது விசித்திரந்தான், ஏனெனில் அவர் இரண்டிடத்தில் இரண்டு வேறு வினைகளைத் தேட நேரும். நமக்கு ‘முடியும், முடிந்தது’, ‘பிடிக்கும், பிடித்தது’ என்ற ஜோடிகளெல்லாம் அதே நெறியில் அமைந்திருக்கின்றன. ‘அந்த நாளில் அவரால் இரவு முழுதும் பாட முடியும்’ என்பதில் ஆற்றல் இருந்ததைச் சொன்னோமேயன்றிப் பாடியதைச் சொல்லவில்லை. ‘அன்று அவரால் பாட முடிந்தது’ என்பதில் பாட்டு நடந்தேறியது. பிரெஞ்சில் முன்னதற்கு ‘இல் பூவே’, பின்னதற்கு ‘இல் ஆ ப்யூ’.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ‘மழை பெய்தது’ என்ற வாக்கியம், கதைக்குப் பின்புலமாக மழை பெய்துகொண்டிருந்ததையும் குறிக்கலாம், நேற்று ஒருமுறை பெய்து ஓய்ந்ததையும் குறிக்கலாம். பிரெஞ்சில் இரண்டும் இரண்டு. ‘இருந்தது’ என்ற நம் வினையும் அவ்வாறே இருபாற்பட்டது. ஆகவே தமிழின் சாதாரண இறந்தகாலத்தைக் கண்டவுடன் மாணவர் நின்று யோசிக்கவேண்டும்: அதை ‘பெய்துகொண்டிருந்தது’ என்று மாற்றியும் கருத்துக் கெடாதிருந்தால் அம்பார்ஃபே, ‘பெய்துவிட்டது’ அல்லது ‘பெய்து முடிந்தது’ என்று மாற்ற இடமிருந்தால் மற்றது. எண்ணிச் சொன்ன செயல்களுக்கு (‘மூன்று தடவை போனேன்’) பெரும்பாலும் பாஸே கொம்போஸேதான். எண்ணிக்கை வந்ததும் எல்லையும் வந்துவிடுகிறது.

நிபந்தனை வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘என்னிடம் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்று இல்லாத பணத்தைக் கருதிச் சொல்லும்போது, பிரெஞ்சில் ‘ஸி’ என்ற சொல்லுக்குப் பின் அம்பார்ஃபே வரும். நிகழ்காலத்தைக் கருதிய வாக்கியத்தில் இறந்தகாலம் எப்படி வந்தது என்று மாணவர் கேட்பார். ‘இருந்தால்’ என்பதற்குள் ‘இருந்து’ என்ற இறந்தகாலப் பகுதிதானே இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். ‘வந்தால்’, ‘போனால்’, ‘கேட்டால்’ என்று நாம் நாள்முழுதும் இறந்தகாலத்தின்மேல் ஏறி நின்றுதான் நிபந்தனை விதிக்கிறோம். ‘ஸி’ வந்த பகுதியில் நிபந்தனை வினைவடிவத்தை எழுதிவிடும் பிழை, இந்த ஒப்புமையை உணர்ந்தவரிடம் அருகிப்போகும்.

ஜாபிதாவை அறவே தகர்க்கும் பிரயோகம் ஒன்று உண்டு. அதை மேல்வகுப்பு மாணவரிடமிருந்து நாம் மறைத்துவைக்கலாகாது. ‘1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரான்ஸ் புதுச்சேரியை விட்டு நீங்கியது’ என்பது தேதியிட்ட, ஒருமுறையே நடந்த, திட்டமாக முடிந்த சம்பவம். ஆயினும் பிரெஞ்சுப் பத்திரிகையாளரோ சரித்திர ஆசிரியரோ ‘லா ஃப்ரான்ஸ் கித்தே போந்திஷேரி’ என்று அம்பார்ஃபேயில் அதை எழுதக்கூடும். அப்படி எழுதும்போது முடிந்த செயலையே நடந்துகொண்டிருப்பதுபோல் நிறுத்திவைத்து, வாசகனை அதன் உள்ளே கொண்டுபோய் விடுகிறார். தேதியையும் வைத்துக்கொண்டு அம்பார்ஃபேயையும் வைத்தது பிழை என்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர், மாணவன் எங்கோ நல்ல பிரெஞ்சு வாசித்திருக்கிறான் என்பதையும் சேர்த்து அடித்துவிடுகிறார்.

இலக்கியத்தில் இதன் வல்லமையை அறிய ஃப்ளொபேரைப் படிப்பிக்கவேண்டும். ‘மதாம் போவாரி’ நாவலில் எம்மா போவாரியின் மனத்தில் ஓடுவதை, ‘என்று அவள் நினைத்தாள்’ என்ற சுட்டுச்சொல் இல்லாமலேயே, அம்பார்ஃபேயில் இட்டு அவர் எழுதிச்செல்லும்போது, பேசுவது ஆசிரியரா பாத்திரமா என்ற எல்லை கலங்கிவிடுகிறது. அந்த நாவல் ஒழுக்கக்கேட்டைப் பரப்புகிறது என்று 1857-இல் பாரிஸில் வழக்குத் தொடரப்பட்டபோது, அரசாங்க வக்கீல் எம்மாவின் எண்ணங்களை ஆசிரியரின் எண்ணங்களாகவே கொண்டு குற்றஞ்சாட்டினார் என்பதை ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் போன்ற பிற்கால விமரிசகர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். ஃப்ளொபேர் விடுதலையானார் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு வினை வடிவம் நீதிமன்றத்தில் இவ்வளவு குழப்பம் விளைத்த சந்தர்ப்பம் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. 1920-இல் ப்ரூஸ்த் எழுதிய கட்டுரை ஒன்றில், வினைக் காலங்களைப் புதுவிதமாகக் கையாண்டதன் வாயிலாக ஃப்ளொபேர் உலகை நாம் காணும் விதத்தையே மாற்றினார் என்று வாதித்து, அவரை கான்ட் என்னும் தத்துவஞானிக்கு ஏறக்குறைய இணையாக வைத்தார். அந்த ப்ரூஸ்தின் பெருநாவலோ, வழக்கமாய் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லும் தன் முதல் வாக்கியத்தில் அம்பார்ஃபேயை விடுத்துப் பாஸே கொம்போஸேயைக் கையாள்கிறது. அதன் பின் பக்கம் பக்கமாக அம்பார்ஃபே விரிகிறது. முதல் வாக்கியத்தில் மட்டும் ஏன் அப்படி என்று ஒரு பிரியட் முழுவதும் வகுப்பில் விவாதிக்கலாம்; முடிவு காணாவிட்டாலும் குற்றமில்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஃப்ளொபேர் வேண்டாம். பிரெஞ்சுக் குழந்தைகள் விளையாடத் தொடங்குமுன் வேஷம் பிரித்துக்கொள்ளும்போது, ‘நான் ராஜாவாக இருந்தேன், நீ மந்திரியாக இருந்தாய்’ என்று அம்பார்ஃபேயில் பேசிக்கொள்வார்கள். நம் தெருவில் ‘நான் ராஜாவாம், நீ மந்திரியாம்’ என்று பேசிக்கொள்வதில் வரும் ‘ஆம்’ செய்யும் வேலையை அங்கே அம்பார்ஃபே செய்கிறது. கடைக்காரரிடம் ‘ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று நாம் இறந்தகாலத்தில் ஒதுங்கி நின்று பணிவு காட்டுவதுபோலவே, பிரெஞ்சுக்காரரும் ‘ழெ வூலே’ என்று தொடங்குவார். முதலாண்டு வகுப்பிலேயே இவ்விரண்டையும் விளையாட்டாக நடத்திக் காட்டலாம். பரீட்சைக்கு உதவாது என்று தலைமையாசிரியர் ஆட்சேபித்தால் பதில் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. வரும் பருவத்து வினாத்தாளில், கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் ஒன்றை எடுத்துவிட்டு, பாட்டியின் பால்யத்தைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி கொடுங்கள்: அதில் ‘போவாள்’, ‘வருவாள்’, ‘தெரியும்’, ‘பெய்துகொண்டிருந்தது’ என்பவையும், ‘ஒருநாள் கிணற்றில் விழுந்தாள்’, ‘அப்போதுதான் தெரிந்தது’ என்பவையும் கலந்து வரட்டும். அதைப் பிரெஞ்சில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வினைக்கும் எதிரே அந்தக் காலத்தைத் தெரிந்தெடுத்த காரணத்தைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். வினைக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு. விடைத்தாள்களைத் திருத்திய பின், காரணம் சரியாக இருந்தும் காலம் தவறிய இடங்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தில் அதிக நாள் தங்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
பிரெஞ்சு வாத்தியார் ஒருவர்